நல்ல சீஸ் உண்ணும் இன்பம்: நமக்கேற்ற வகையைக் கண்டடைவது எப்படி?

பெரம்பூர் மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். நம் வடசென்னையில் சீஸ் என்று பேச்சை எடுத்தால், அது பீட்சாவிலோ பேக்கரி சாண்ட்விச்சிலோ போய் நின்றுவிடுகிறது. ஆனால் சீஸை வேறெதனுடனும் கலக்காமல், ஒரு தட்டில் தனியாக வைத்து, மெதுவாக மென்று ரசிக்கிறவர்கள் கொளத்தூரிலும் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இந்த இணைய இழைக்கு வந்து தங்களுக்குப் பிடித்த வகைகளைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்பதே என் விருப்பம்.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போகும்போதெல்லாம் புதிய பெயராகப் பார்த்து வாங்கி வருவதால் நாக்குக்குப் பெரிய தெளிவு பிறப்பதில்லை. ஒரே வகையை எடுத்துக்கொண்டு, அதை இளசாக ஒரு முறையும் நடுப்பருவத்தில் ஒரு முறையும் நன்கு முதிர்ந்த பிறகு ஒரு முறையும் உண்டு பார்ப்பவருக்குத்தான், தமக்குப் பிடித்தது பாலின் இனிப்பா, உப்பா, புளிப்பா, காரலா என்பது விளங்குகிறது. இதற்கு கௌடாவைப் போல ஏற்றது வேறில்லை. நெதர்லாந்தில் 4 வாரம் முதிர்ந்ததை இளம் கௌடா என்றும், 16 முதல் 18 வாரம் முதிர்ந்ததை நடுத்தரம் என்றும், 10 முதல் 12 மாதம் முதிர்ந்ததைப் பழையது என்றும் பிரித்து விற்கிறார்கள். இளசு வெண்ணெய் போல வளைந்து கொடுக்கும். பழையதைக் கத்தியால் அறுக்க வராது. நுனியைக் குத்தி நெம்பினால்தான் பாளமாகப் பிளக்கும். பிளந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். அவை கல்லுப்பு அல்ல. புரதம் உடைந்து பிரியும் டைரோசின் என்னும் அமினோ அமிலம் அங்கங்கே படிகமாகியிருக்கிறது. பல்லில் பட்டால் நறநறவென்று உடையும். அதோடு கருகாமல் காய்ச்சிய சர்க்கரைப் பாகின் மணமும் கடைசியில் லேசான காரலும் சேர்ந்து வரும்போது, ஒரு சிறு துண்டே நெடுநேரம் வாயில் நிற்கும்.

அந்த இனிப்புக்கு ஒரு காரணம் உண்டு. கௌடா செய்யும்போது திரண்ட தயிர்க்கட்டியிலிருந்து பிரிந்த தெளிநீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டு, அதற்கு ஈடாகச் சுடுநீரை ஊற்றுகிறார்கள். பால் சர்க்கரை அதனுடன் கழுவப்பட்டுப் போவதால், நுண்ணுயிர்கள் அதைப் புளிப்பாக்கும் வாய்ப்பு குறைகிறது. புளிப்பு அடங்கிய இடத்தில் இனிப்பு முன்னே வருகிறது.

கொளத்தூர் வாசகி

நல்ல தொடக்கம். பருவம் பார்த்து உண்ண வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். அதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய ஒன்று வெப்பநிலை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வாயில் போட்டால் எந்த சீஸும் மெழுகாகத்தான் தெரியும். கொழுப்பு இறுகியிருக்கும் வரை மணம் அதைவிட்டு வெளியே வராது. ஐரோப்பிய நூல்கள் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்கின்றன. அது அவர்களுடைய அறைக் குளிருக்குப் பொருந்தும். நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் எண்ணெய் கசிந்து தட்டில் ஓடும். கெட்டி வகைகளுக்கு 20 நிமிடம், மென்மையான வகைகளுக்கு அதைவிடக் குறைவு என்பதே எங்கள் வீட்டுக் கணக்கு.

மாடிவீட்டு அண்ணனிடம் ஒரு கேள்வி. விலையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே? பழைய கௌடாவின் விலையைக் கேட்டால் எங்கள் தெருவில் பலரும் இந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள்.

மாதவரம் பால்பண்ணைச் சாலை

விலையைப் பற்றி நான் சொல்கிறேன் அம்மா. எங்கள் குடும்பம் தலைமுறையாக மாடு வைத்திருப்பது. செடார் போன்ற கெட்டி சீஸ் ஒரு கிலோ கிடைக்க ஏறக்குறைய 10 லிட்டர் பசும்பால் வேண்டும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு 550 லிட்டர் அளவுக்குப் பால் செலவாகிறது. அதன் பிறகு குறைந்தது 12 மாதம் அலமாரியில் வைத்து, திருப்பிப் போட்டு, துடைத்துக் காக்க வேண்டும். இதற்கெல்லாம் கூலி, இடம், குளிரூட்டும் செலவு என்று கூட்டிப் பாருங்கள். இன்று தெருமுனையில் ஒரு லிட்டர் பால் விற்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டால், நல்ல சீஸ் மலிவாகக் கிடைப்பதுதான் சந்தேகத்துக்குரியது என்பது புரியும். சமையலுக்குக் கால் கிலோ வாங்குவது வேறு. உண்டு ரசிக்க 50 கிராம் வாங்கினால் நான்கு பேருக்குப் போதும்.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவீதம் இருக்கும். பசும்பாலில் அதில் பாதியளவுதான். பசு தின்னும் புல்லில் உள்ள மஞ்சள் நிறமி பாலிலும் வந்து தங்குகிறது. எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் பளிச்சென்று வெண்மையாக இருக்கிறது. இத்தாலியின் கம்பானியா பகுதியில் எருமைப்பாலில் செய்யும் மொசரெல்லா சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. நம் நாட்டில் கறவை எருமைக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் தண்ணீரில் மிதக்கவைத்து விற்கும் புது மொசரெல்லாவை நம் பக்கம் யாரும் தேடி வாங்குவதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பீட்சாவுக்குத் துருவும் மொசரெல்லாவை மட்டும் உண்டவர்கள் இதை ஒருமுறை வாங்கி, வெறும் உப்பும் மிளகுத்தூளும் தூவி, செய்த ஓரிரு நாளுக்குள் உண்டு பாருங்கள். விரலால் பிய்க்கும்போது உள்ளே இருந்து பால் கசிய வேண்டும். அதுதான் புதியது என்பதற்கு அடையாளம்.

சௌகார்பேட்டை மருமகள்

இங்கே யாரும் இன்னும் திட்டவில்லை என்றாலும், சற்று நேரத்தில் பதப்படுத்திய சீஸைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே அதன் சார்பில் பேச வந்தேன். மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச் போடுகிறவர், சிறு முறுக்கின் மேல் பச்சைச் சட்னி தடவி, வெள்ளரியும் தக்காளியும் அடுக்கி, அதன் மேல் சீஸ் கட்டியை அப்படியே துருவிக் குவிப்பார். அந்த இடத்தில் பழைய கௌடாவோ பார்மிஜானோவோ வேலைக்கு ஆகாது. சட்னியின் காரத்தை அடக்கி, முறுக்கின் மொறுமொறுப்போடு மோதாமல் மென்மையாக நிற்கும் உப்புச் சுவைதான் அங்கே தேவை. எதற்கு எது பொருந்தும் என்று அறிவதும் ரசனையில் சேர்ந்ததுதானே?

அயனாவரம் ரயில்வே ஓய்வு

மருமகள் சொல்வதை நான் ஆதரிக்கிறேன். எங்கள் இளமையில் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் வீட்டிலிருந்து கேக்கோடு டப்பா சீஸ் துண்டுகளும் வரும். இந்தப் பகுதியில் பலருடைய நாக்குக்கு சீஸ் அறிமுகமானது அப்படித்தான்.

பதப்படுத்திய சீஸான இந்த டப்பா சீஸின் வரலாறும் சுவையானது. 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸைத் தேடி, துருவிய சீஸைச் சிட்ரேட் உப்போடு சேர்த்து உருக்கி அச்சில் வார்த்தார்கள். 1916-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தம்முடைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். புரதங்களைப் பிணைத்து வைத்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை இந்தச் சிட்ரேட் உப்பு பிடித்துக்கொள்வதால், புரதம் தளர்ந்து கொழுப்பைச் சுற்றி அணைத்துக்கொள்கிறது. சூடாக்கினாலும் எண்ணெய் தனியே பிரிவதில்லை. சாண்ட்விச்சில் அது சீராக உருகுவதன் காரணம் இதுவே. அதே வெப்பம் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுவதால் அந்த சீஸ் அதற்குப் பிறகு முதிர்வதில்லை. வாங்கிய நாளிலும் ஆறு மாதம் கழித்தும் ஒரே சுவையாக இருக்கும். எனக்குத் தெரிந்தவரை முதிரும் சீஸுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று உயிருள்ளது, மற்றொன்று அடங்கிவிட்டது. எதை எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் இரண்டும் நல்லவையே.

வண்ணாரப்பேட்டை சைவம்

பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னட் பற்றி யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. அது மரபாகக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. அதை அறியாமல் வாங்கிவிட்டு மனம் வருந்தியவர்களை நான் அறிவேன். எனவே எங்களைப் போன்றவர்கள் எந்த எந்த வகைகளை உண்ணலாம் என்று யாராவது தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் மாடிவீடு

தேவையான கேள்வி ஐயா. பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா படானோ, சுவிஸ் க்ருயேர் ஆகியவற்றின் விதிமுறையே கன்று ரென்னட்டைக் கோருகிறது. அவற்றில் சைவ வகை என்று ஒன்று கிடையாது. பிரான்சின் ரோக்ஃபோருக்கும் விலங்கு ரென்னட்தான். இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அதே சமயம் செடார், கௌடா, மொசரெல்லா, ஃபெட்டா போன்றவற்றைப் பூஞ்சையிலிருந்து பெறும் நொதியாலும், நுண்ணுயிர் மூலம் உருவாக்கும் கைமோசின் என்னும் திரிப்பு நொதியாலும் உலகெங்கும் செய்கிறார்கள். நம் நாட்டில் விற்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் விலங்கு ரென்னட் இல்லை என்று கொள்ளலாம்.

உங்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒரு செய்தியும் உண்டு. போர்ச்சுகலில் செர்ரா டா எஸ்ட்ரெலா என்னும் செம்மறிப்பால் சீஸை ஒருவகை முட்செடிப் பூவின் சாற்றால்தான் திரிக்கிறார்கள். மேல்தோலைத் தட்டு போல வெட்டி எடுத்துவிட்டு உள்ளே இருப்பதைக் கரண்டியால் வழித்து உண்ணும் அளவுக்கு அது இளகியிருக்கும். அந்தச் செடியால் வரும் மெல்லிய கசப்பும் அதற்கு ஓர் அழகு. நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கேட்டு வாங்கத் தக்கது.

காசிமேடு கரையோரம்

உள்ளே நீலப் பூஞ்சை படர்ந்த நீல சீஸைப் பற்றி எழுதாமல் இந்த இழை முடியக் கூடாது. அது நாற்றம் அடிக்கிறது என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை தெருவரை வந்தால் நமக்கு வாயில் நீர் ஊறுகிறதே, அது எப்படி? இரண்டிலும் உப்பும் காலமும் புரதத்தை உடைத்து ஆழமான சுவையாக்குகின்றன. கருவாட்டுக்குப் பழகிய நாக்குக்கு நீல சீஸ் பகையாக இருக்க வாய்ப்பே இல்லை என்பது என் உறுதியான நம்பிக்கை.

ரோக்ஃபோர் என்பது தென் பிரான்சில் அதே பெயருள்ள சிற்றூரின் குகைகளில் முதிர்வது. அந்த மலையின் பாறைப் பிளவுகள் வழியாக ஈரமான குளிர்காற்று எப்போதும் வந்துகொண்டிருக்கிறது. பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சை அங்கே செழிக்கிறது. சீஸில் ஊசியால் துளையிட்டு வைத்தால் காற்று உள்ளே புகுந்து, துளைகளின் வழியே நீலம் பரவும். 1925-லேயே அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. முதன்முறை உண்பவர் பெரிய துண்டாக எடுக்க வேண்டாம். பட்டாணி அளவு எடுத்து, ஒரு துளி தேன் தொட்டு, நாக்கின் மேல் வைத்து உருகவிடுங்கள். முதலில் உப்பு சுள்ளென்று ஏறும். அது தணியும்போது செம்மறிப்பாலின் கொழுமை வரும். மூக்கில் ஏறும் காரல் கடைசியில்தான் வரும். தேன் இல்லாவிட்டால் நன்கு பழுத்த கொய்யாவும் அருமையாகப் பொருந்தும்.

தண்டையார்பேட்டை செவிலியர்

இடையில் ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிப் பெண்கள் நீல சீஸையும், கமம்பேர், ப்ரீ போன்று வெண்பூஞ்சை படர்ந்த மென்மையான வகைகளையும், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான வகைகளையும் தவிர்க்க வேண்டும். லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் கருவுக்குக் கேடு விளைவிக்கும். மனச்சோர்வுக்காக எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மருந்து உண்பவர்களுக்கு, முதிர்ந்த சீஸில் உள்ள டைரமின் என்னும் வேதிப்பொருள் இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவையும் கவனிக்க வேண்டும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பதற்காகச் சீஸையே ஒதுக்கிவிட்டவர்களுக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. பால் சர்க்கரையில் பெரும்பகுதி தெளிநீரோடு வடிந்துவிடுகிறது; எஞ்சியதை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. எனவே பழைய கௌடா, முதிர்ந்த செடார், பார்மிஜானோ ஆகியவற்றில் அது அநேகமாக இருப்பதே இல்லை. பால் ஒத்துக்கொள்ளாத என் மாமியார் செடாரைத் தொல்லையின்றி உண்கிறார்.

ராயபுரத்துக்காரன்

பாதுகாப்பது எப்படி என்று சொல்லுங்கள். ஒரு கடையில் வாங்கிய கமம்பேர், வீட்டில் பிரித்ததும் அமோனியா நெடி அடித்தது. கடைக்காரர் அந்த வகையே அப்படித்தான் என்று சாதித்துவிட்டார்.

கொளத்தூர் வாசகி

அது அப்படித்தான் என்று அவர் சொன்னதில் பாதி மட்டுமே உண்மை, தம்பி. வெண்பூஞ்சை சீஸ் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பழுக்கிறது; பழுத்து முடிந்தபின் புரதம் மேலும் சிதைந்து அமோனியா வெளிவருகிறது. பிரித்துக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்ததும் நெடி அடங்கிவிட்டால் உண்ணலாம். அடங்காமல் கண்ணைக் கரிக்கிறது என்றால் அதன் காலம் கடந்துவிட்டது. நம் ஊரில் வண்டியிலும் கடையிலும் குளிர்ச்சி விட்டு விட்டுப் போவதால் இது அடிக்கடி நேர்கிறது. வாங்கும்போது பெட்டியைத் திறந்து விரலால் நடுவில் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே அளவு அமுங்கினால் அன்றே உண்ணலாம். நடு இறுகியிருந்தால் சில நாள் பொறுக்கலாம். செடாரில் பொட்டலத்தின் உட்புறம் எண்ணெய் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால் அது எங்கோ ஒருமுறை வெயில் கண்டிருக்கிறது, வாங்க வேண்டாம்.

வீட்டில் பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றாதீர்கள். மெழுகுத்தாளிலோ பட்டர் தாளிலோ மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, காய்கறித் தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் நீர் உறைந்து அமைப்பை உடைத்துவிடும், பிறகு பொடிப்பொடியாக உதிரும். கெட்டி சீஸில் ஒரு மூலையில் பூசணம் கண்டால் அதைச் சுற்றி ஓர் அங்குலம் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம். மென்மையானதில் கண்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

வியாசர்பாடி வாசிப்பு

இறக்குமதியைப் பற்றியே பேசுகிறோம். நம் நாட்டில் செய்பவற்றில் உண்ணத் தக்கவை உண்டா?

அயனாவரம் ரயில்வே ஓய்வு

நிறைய உண்டு. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் போர்ச்சுகீசியர் குடியேறிய பாண்டேலின் பெயரால் வழங்கும் சிறு வட்டத் துண்டுகள் உப்பும் புகையும் ஏறியவை. இரவு நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்த பிறகே உண்ண வேண்டும். கலிம்போங்கில் சுவிஸ் பாதிரிமார் தொடங்கிவைத்த சீஸ் நன்றாகப் புளித்து உதிரும் தன்மை கொண்டது. ஜம்முவின் கலாரியை இரும்புக் கல்லில் வாட்டி ரொட்டியில் வைத்து உண்கிறார்கள்.

நமக்கு அருகில் ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்னும் நிறுவனம் 1988-இலிருந்து சீஸ் செய்துவருகிறது. சென்னையிலேயே 2016-இல் தொடங்கப்பட்ட கேஸே, மாற்றுத்திறனாளிப் பெண்களைப் பணியில் அமர்த்திக் கைவினையாக சீஸ் செய்யும் நிறுவனமாகப் பெயர் பெற்றது. மும்பையின் எலெஃப்தீரியா நிறுவனம், தெளிநீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் நார்வே பாணிப் பழுப்பு சீஸுக்காக 2021 உலக சீஸ் விருதுகளில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. நம் பால்கோவா பிடித்தவர்களுக்கு அந்தப் பழுப்பு சீஸ் உடனே பிடித்துவிடும்.

மாதவரம் பால்பண்ணைச் சாலை

வீட்டிலேயே முதிரவைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதிர்வதற்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஈரம் தாராளம், குளிர்ச்சிதான் கிடைக்காது. சாதாரணக் குளிர்பதனப் பெட்டி மிகக் குளிரானது, உலர்ந்ததும்கூட. ஆகவே வீட்டில் புதிய வகைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சௌகார்பேட்டை மருமகள்

அப்படியானால் ஹலூமியைச் சொல்கிறேன். சைப்ரஸ் தீவின் இந்த சீஸை, பிரிந்த தெளிநீரிலேயே கொதிநிலைக்கு அருகில் வேகவைத்து எடுப்பதால் அது சூட்டில் உருகி ஓடாது. அரை அங்குலக் கனத்தில் வெட்டி, ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் விடாமல் காய்ந்த தோசைக்கல்லில் போடுங்கள். முதலில் நீர் விட்டுச் சடசடக்கும். கை வைக்காமல் விட்டால் நீர் வற்றி, அடிப்புறம் தோசையின் நிறத்துக்கு வரும். திருப்பிப் போட்டு மறுபுறமும் சிவந்ததும் இறக்கி, எலுமிச்சை பிழிந்து உடனே உண்ண வேண்டும். பல்லில் கறுக்முறுக்கென்று ஒலிக்கும். ஆறிவிட்டால் ரப்பராகிவிடும். உப்பு அதிகமாகத் தோன்றினால் தர்பூசணித் துண்டோடு உண்ணுங்கள்.

வியாசர்பாடி வாசிப்பு

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மாதம் ஒருமுறை மட்டும் வாங்க முடிகிற நான் எங்கிருந்து தொடங்குவது?

பெரம்பூர் மாடிவீடு

செடாரிலிருந்து தொடங்குங்கள், எளிதில் கிடைப்பது, சைவமாகவும் கிடைப்பது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்த இதில், தயிர்க்கட்டியைப் பாளங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள். நீர் வடிந்து புளிப்பு ஏறும். முதல் மாதம் மூன்று மாதம் முதிர்ந்தது, அடுத்த மாதம் ஓராண்டு முதிர்ந்தது என்று வாங்கி, முந்தையதில் ஒரு துண்டை மீதம் வைத்து இரண்டையும் அருகருகே உண்டு பாருங்கள். ஆரஞ்சு நிறத்தைக் கண்டு முதிர்ந்தது என்று எண்ண வேண்டாம். அது அனாட்டோ என்னும் விதையின் சாயம்.

புளிப்பும் காரலும் பிடித்தால் அங்கிருந்து நீல சீஸுக்குப் போங்கள். இனிப்புப் பிடித்தால் கௌடாவுக்கு வாருங்கள். இரண்டும் இல்லாமல் உப்பும் ஆழமும்தான் வேண்டும் என்றால், சைவக் கட்டுப்பாடு இல்லாதவர் பார்மிஜானோவுக்குப் போகலாம். அதன் தடித்த தோலை மட்டும் எறியாதீர்கள். நன்றாகத் துடைத்து, பாசிப்பருப்பு வேகும்போது குக்கரில் ஒரு துண்டு போட்டு, வெந்ததும் எடுத்துவிட்டுத் தாளியுங்கள். உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.